கடைசியில் வந்தவருக்கு முதல் தேர்வு

வழக்கமாகச் செப்டம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1 லட்சம் பேர் கூடி, ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் பந்தயத்தைப் பார்த்து ஆரவாரித்துக் கலைந்த பிறகு, அந்த நகரத்தில் அவ்விளையாட்டைப் பற்றிய பேச்சு சில மாதங்களுக்காவது ஓய்ந்திருக்கும் என்று அயலூரிலிருந்து வருகிறவர் நினைக்கக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. அக்டோபரில் கழகங்கள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேட்’ காலம் வருகிறது. நவம்பரில் பள்ளிப்படிப்பை முடித்தும் முடிக்காமலும் இருக்கிற 18 வயது இளைஞர்களைக் கழகங்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ வருகிறது. பந்து ஒருமுறைகூட உதைக்கப்படாத இந்த இரண்டு மாதங்களில், பந்தய நாட்களுக்குச் சிறிதும் குறையாத ஆவலோடு அபிமானிகள் செய்திகளுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய நமக்கு, ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது என்றாலே கோடிக்கணக்கில் விலை கூறிப் போட்டியிடும் காட்சிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கிலோ, ஓர் ஆட்டக்காரரைப் பெறுவதற்காக ஒரு கழகம் மற்றொரு கழகத்துக்கு ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு ஈடாக டிராஃப்ட் வரிசையில் ஓர் இடம் என்பதே அங்கே செல்லுபடியாகும் நாணயம். அந்த வரிசையில் முதல் இடம் சென்ற பருவத்தில் கடைசியாக வந்த கழகத்துக்கு. கடைசி இடம் பட்டம் வென்ற கழகத்துக்கு. பெரும்பாலான தொழில்களில் தோற்றவர் இன்னும் தோற்பதும், வென்றவர் இன்னும் பெருகுவதுமே இயல்பாயிருக்க, அந்த இயல்பை விதியால் தடுத்து நிறுத்த முனைந்த இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது, அது நினைத்ததைச் சாதித்ததா என்பது, அந்த விளையாட்டை ஒருநாளும் கண்டிராதவர்களுக்கும் சிந்திக்கத் தக்க விஷயம்.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. முட்டை வடிவப் பந்தை, அதே வடிவத்திலான பெரிய மைதானத்தில், அணிக்கு 18 பேராக உதைத்தும் கைமுஷ்டியால் தட்டியும் கொண்டுசென்று, எதிர்முனையிலுள்ள நான்கு கம்பங்களில் நடுவிரண்டின் இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளிகளில் போனால் 1 புள்ளி. 1859-இல் மெல்போர்ன் கழகத்தார் இதற்கு முதன்முதலாக விதிகளை எழுதிவைத்தார்கள். 1897-இல் எட்டுக் கழகங்களோடு விக்டோரியக் கால்பந்து லீக் தொடங்கியது; அது 1925-இல் பன்னிரண்டாயிற்று. மெல்போர்னின் பேட்டைகளையும் ஜீலாங் என்ற துறைமுக நகரத்தையும் சேர்ந்த இக்கழகங்கள், அந்தந்தப் பேட்டை மக்களின் குலதெய்வங்களைப் போலவே பக்தியோடு பேணப்பட்டன.

அந்த நாளில் ஓர் இளைஞன் எந்தக் கழகத்துக்கு ஆடுவது என்பதை அவன் வீட்டு விலாசம் தீர்மானித்தது. மெல்போர்னின் தெருக்கள் கழகங்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தன. 1960களின் பிற்பகுதியில் விக்டோரியாவின் கிராமப்புறங்களும் அதேபோல் பங்கிடப்பட்டன. பங்கீடு சமமாக அமையவில்லை. சில கழகங்களுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் விளைகிற பிரதேசம் கிடைத்தது. சிலவற்றுக்கு வறண்ட பிரதேசம். பண வசதி படைத்த கழகங்கள் வேறு மாநிலங்களிலிருந்தும் ஆட்களைக் கொணர்ந்தன. இவற்றின் விளைவு பட்டியலிலேயே தெரிகிறது: 1967 முதல் 1983 வரையிலான 17 பருவங்களின் பட்டங்களையும் கார்ல்டன், ரிச்மண்ட், ஹாதார்ன், நார்த் மெல்போர்ன் என்ற நான்கே கழகங்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டன; மற்ற எட்டுக் கழகங்களின் அபிமானிகள் ஆண்டுதோறும் நம்பிக்கையோடு மைதானத்துக்கு வந்து, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் பலத்த அடி நீதிமன்றத்திலிருந்து விழுந்தது. சவுத் மெல்போர்ன் கழகம் 1982-இல் சிட்னி நகரத்துக்குப் பெயர்ந்தபோது, அதன் ஆட்டக்காரர்களில் ஒருவரான சில்வியோ ஃபோஸ்கினி மெல்போர்னை விட்டுப் போக விரும்பாமல் செயின்ட் கில்டாவுக்கு ஆட அனுமதி கேட்டு, அது மறுக்கப்படவே வழக்குத் தொடர்ந்தார். 1983-இல் விக்டோரிய உச்ச நீதிமன்றம் லீக்கின் விதிகள் ஒருவன் தன் தொழிலைச் செய்வதை நியாயமின்றித் தடைசெய்கின்றன என்று தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் சட்டம் கைவிட்டுவிட, மறுபக்கம் ஆட்டக்காரர்களின் சம்பளப் போட்டியில் பல கழகங்கள் கடனில் மூழ்கிக்கொண்டிருக்க, லீக் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. 1986 நவம்பரில் முதல் தேசிய டிராஃப்ட் நடந்தது. புதிதாக உதயமான பிரிஸ்பேன் பேர்ஸ் கழகம் மார்ட்டின் லெஸ்லி என்பவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. மறுவருஷம், ஒரு கழகம் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கொடுக்கத்தக்க சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது: 12½ லட்சம் டாலர். 1990-இல் லீக் ‘விக்டோரிய’ என்ற அடைமொழியை உதறி ‘ஆஸ்திரேலிய’ என்று பெயர் சூடிக்கொண்டது. இன்று அதில் 18 கழகங்கள். உச்சவரம்பு 1½ கோடி டாலரையும் தாண்டிவிட்டது. வரம்புக்கு மேலே போகக்கூடாது என்பதோடு, அதில் 95 சதவீதத்துக்குக் கீழே போகவும் கூடாது என்பது இதில் ஒரு விசேஷம். சிக்கனம் பிடித்துச் சேமித்துவைத்துத் திடீரென்று வாரி இறைக்கிற யுக்திக்கும் அதிக இடமில்லை.

டிராஃப்டின் சுபாவத்தை அறிய, 2001-ஆம் ஆண்டில் முதல் மூன்று இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று இளைஞர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்ப்பதைக் காட்டிலும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட் என்பன அவர்கள் பெயர்கள்.

அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்று கடைசியாக வந்தது மேற்குக் கரையிலுள்ள ஃப்ரீமாண்டில் கழகம். முதல் தேர்வு அதனுடையது. ஆனால் இனிமேல்தான் வளர்ந்து ஆளாகவேண்டிய ஒரு பையனுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத அக்கழகம், அந்த 1-ஆம் தேர்வையும், கூடவே 20-ஆம், 36-ஆம் தேர்வுகளையும் ஹாதார்னுக்குக் கொடுத்துவிட்டு, டிரென்ட் குரோட் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரையும் லூக் மெக்ஃபார்லின் என்பவரையும் பெற்றுக்கொண்டது. ஹாதார்ன் 1-ஆம் தேர்வில் ஹாட்ஜை எடுத்தது. யாரும் பெரிதாகக் கவனியாத 36-ஆம் தேர்வில் சாம் மிட்செல் என்பவரை எடுத்தது. மிட்செல் 2008-இல் பட்டம் வென்ற அணிக்குத் தலைவர். ஹாட்ஜ் 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களுக்குத் தலைவர். மெக்ஃபார்லின் ஃப்ரீமாண்டிலுக்கு நெடுங்காலம் நன்றாகவே ஆடினார் என்றாலும், அக்கழகம் இன்றுவரை ஒரு பட்டமும் கண்டதில்லை. குரோட் இரண்டு வருஷங்களில் ஹாதார்னுக்கே திரும்பி வந்து, 2008 வெற்றியிலும் பங்குகொண்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், விற்ற பொருளும் விலையும் ஒருசேர ஹாதார்னிடமே வந்து சேர்ந்துவிட்டன என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டாமவரான லூக் பால் செயின்ட் கில்டாவுக்குப் போனார். எட்டு வருஷம் உழைத்த பிறகு, 2009-இல் அக்கழகம் இறுதிப் பந்தயத்தில் தோற்ற கையோடு, அவர் காலிங்வுட்டுக்குப் போக விரும்பினார். கழகங்கள் இரண்டும் பேரம் படியாமலே டிரேட் காலம் முடிந்துபோயிற்று. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் அந்நிலையில் புதிய இளைஞர்களோடு தாமும் டிராஃப்டில் நின்றுகொள்ளலாம் என்ற வழி இருந்தது. எந்தக் கழகம் பெயர் சொல்கிறதோ அங்கே போகவேண்டியதுதான். முன்பு 2-ஆம் தேர்வில் மாலை சூட்டி அழைக்கப்பட்ட அந்த மனிதர், தம்மைவிட எட்டு வயது இளைய பிள்ளைகளின் நடுவே நின்று, 30-ஆம் தேர்வில் காலிங்வுட்டால் எடுத்துக்கொள்ளப்பட்டார். செயின்ட் கில்டாவுக்குக் கைம்மாறாக ஒன்றும் கிடைக்கவில்லை. மறுவருஷ இறுதிப் பந்தயத்தில் மோதியவை இவ்விரு கழகங்களே. சமமாக முடிந்த முதல் ஆட்டத்தை அடுத்த வாரம் மறுபடி ஆடியபோது காலிங்வுட் வென்றது, பால் பட்டம் பெற்றார். ஒரு பேரத்தை முடிக்காமல் விடுவதும் ஒரு முடிவே என்பதைச் செயின்ட் கில்டா இதைவிடக் கசப்பாக அறிந்திருக்க முடியாது. 1966-இல் வென்றதற்குப் பிறகு அக்கழகத்துக்கு இன்னும் பட்டம் வாய்க்கவில்லை.

மூன்றாமவரான ஜட், மெல்போர்ன் பையன், 2,700 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே 2004-இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் பெற்றார். 2006-இல் பட்டம் வென்ற அணிக்குத் தலைவரானார். 2007-இல் சொந்த ஊர் திரும்ப விரும்புகிறேன் என்றார். கார்ல்டன் கழகம் அவருக்கு ஈடாக 3-ஆம் தேர்வையும் 20-ஆம் தேர்வையும் ஜாஷ் கென்னடி என்ற இளம் ஆட்டக்காரரையும் கொடுத்தது. ஜட் 2010-இல் மறுபடி பிரௌன்லோ பதக்கம் வாங்கி, கார்ல்டனின் பெருமையை நிலைநாட்டினார். ஆனால் பட்டம் வரவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த கென்னடியோ வெஸ்ட் கோஸ்டுக்காக 700-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்து, அக்கழகத்தின் சரித்திரத்திலேயே அதிகக் கோல் அடித்தவராகி, 2018-இல் பட்டமும் பெற்றார். அந்த 3-ஆம் தேர்வில் எடுக்கப்பட்ட கிறிஸ் மாஸ்டனும் அதே அணியில் இருந்தார். பேரம் நடந்த அன்று கார்ல்டன்காரர்கள் கொண்டாடினார்கள். அதன் கணக்குத் தீர 11 வருஷங்கள் ஆயின.

இத்தகைய நீண்ட கணக்குகளைப் போடுவதற்கென்றே இன்று ஒவ்வொரு கழகத்திலும் ‘லிஸ்ட் மானேஜர்’ என்ற உத்தியோகஸ்தர் இருக்கிறார். ஏறத்தாழ 40 பேர் கொண்ட பட்டியல் அவர் பொறுப்பில் இருக்கிறது. அதில் யாருக்கு எத்தனை வயது, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யார் சம்பளம் ஏறும், யார் முழங்கால் தாங்காது, இன்றைய 30 வயதுக்காரர்கள் ஓயும்போது இன்றைய 20 வயதுக்காரர்கள் பக்குவப்பட்டிருப்பார்களா என்பவற்றை இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருப்பதே அவர் வேலை. பட்டம் வெல்லத்தக்க பருவங்கள் ஒரு கழகத்துக்குத் தொடர்ந்து சில வருஷங்களே வாய்க்கும் என்பது அவர்களுடைய அனுபவ சித்தாந்தம். ஹாதார்ன் 2004-இல் ஒரே டிராஃப்டில் ஜாரிட் ரஃப்ஹெட், லான்ஸ் ஃபிராங்க்ளின், ஜோர்டன் லூயிஸ் ஆகிய மூவரையும் எடுத்து அஸ்திவாரம் போட்டது. பிறகு அந்த இளைஞர்கள் முதிர்ந்த தருணத்தில், தனக்கு இல்லாத குறைகளை நிரப்ப ஷான் பர்கோய்ன், ஜாஷ் கிப்சன், ஜாக் கன்ஸ்டன், பிரையன் லேக் என்று பிற கழகங்களின் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டது. 30 வயதில் வந்த லேக், அடுத்த வருஷத்து இறுதிப் பந்தயத்தின் சிறந்த ஆட்டக்காரராகவே தேர்வானார்.

கணக்குத் தவறினால் தண்டனை கடுமையானது. உச்சவரம்பை மீறி இரகசியமாகச் சம்பளம் கொடுத்ததற்காக 2002-இல் கார்ல்டனுக்கு 9,30,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதோடு, அது தன் சரித்திரத்தில் முதன்முறையாகக் கடைசியில் வந்த அதே வருஷத்தில், கைக்கு வந்திருந்த முதல் இரண்டு தேர்வுகளும் பறிக்கப்பட்டன. அபராதத்தைவிட அந்தப் பறிமுதல்தான் நெடுநாள் வலித்தது. காலிங்வுட் 2020-இல் விதியை மீறவில்லை; ஆனால் எதிர்காலச் சம்பளங்களை வரம்புக்குமேல் வாக்களித்துவிட்டு, அந்தச் சுமையைக் குறைப்பதற்காக ஒப்பந்தம் முடியாதிருந்த ஆடம் டிரெலோர் முதலியவர்களைக் கிடைத்த விலைக்கு அனுப்பவேண்டியதாயிற்று; வேறொரு கழகத்துக்கு ஆடிய டிரெலோரின் சம்பளத்தில் ஒரு பகுதியையும் தானே கட்டியது. அபிமானிகள் கொதித்தார்கள். மறுபருவத்தில் 17-ஆவதாக வந்த அக்கழகம் 2023-இல் பட்டம் வென்றது. அப்போது கொதித்தவர்கள் அமைதியடைந்தார்கள்.

தோற்றவருக்குப் பரிசு என்ற தத்துவத்துக்குள்ளேயே ஒரு விபரீதமும் ஒளிந்திருந்தது. மிகக் குறைந்த வெற்றிகள் பெற்ற கழகங்களுக்கு ஒரு காலத்தில் கூடுதலாக ஒரு தேர்வு அளிக்கப்பட்டது. அப்படியானால் பருவத்தின் கடைசி வாரங்களில் வெல்வதைவிடத் தோற்பதே லாபமல்லவா என்ற சந்தேகம் எழுந்தது. மெல்போர்ன் கழகம் 2009-இல் இவ்வழியாக 1-ஆம், 2-ஆம் தேர்வுகள் இரண்டையும் பெற்றது. பின்னர் நடந்த விசாரணையில் அது வேண்டுமென்றே தோற்றதாக முடிவு செய்யப்படவில்லை. எனினும் 2013-இல் அதற்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த 1-ஆம் தேர்வில் வந்த டாம் ஸ்கல்லி இரண்டே பருவங்களில் புதிய கழகமான கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போய்விட்டார்.

இனி ஆட்டக்காரர்களின் பக்கம். படிக்கிற பிள்ளையை, அவன் விருப்பத்தைக் கேளாமல், கண்டத்தின் மறுகோடிக்கு அனுப்புகிற ஒரு முறை, ஃபோஸ்கினி வழக்கைக் கண்ட தேசத்தில் எப்படி நீடிக்கிறது என்று வாசகர் கேட்கலாம். ஆட்டக்காரர் சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, நுழைவாயிலில் பறித்ததை உள்ளே சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்ததனால்தான் நீடிக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரரை அவர் சம்மதமின்றி வேறு கழகத்துக்கு மாற்ற முடியாது. அமெரிக்க விளையாட்டுகளில் சர்வசாதாரணமாக நடக்கிற ‘காலையில் சிகாகோ, மாலையில் பாஸ்டன்’ என்பது இங்கே நடவாது. 2012 முதல், ஒரே கழகத்தில் எட்டு அல்லது பத்து வருஷம் ஆடி, ஒப்பந்தம் முடிந்தவர் சுயேச்சையாக வேறிடம் போகவும் வழி திறக்கப்பட்டது. எட்டு வருஷக்காரர் விஷயத்தில், வந்த சம்பளத்துக்குச் சமமாகத் தானும் கொடுத்துத் தடுத்து நிறுத்தப் பழைய கழகத்துக்கு உரிமை உண்டு. இவ்வழியே போனவர்களில் பிரசித்தமானவர் லான்ஸ் ஃபிராங்க்ளின். 2013-இல் பட்டம் வென்ற சில நாட்களில் அவர் ஹாதார்னை விட்டுச் சிட்னிக்குப் போனார்: ஒன்பது வருஷம், ஏறத்தாழ 1 கோடி டாலர். 2022-இல் தம் ஆயிரமாவது கோலை அவர் அடித்தபோது ஜனங்கள் வெள்ளமாக மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். சிட்னி கொடுத்த பணத்துக்குக் கூட்டமும் கோலாகலமும் குறைவில்லாமல் கிடைத்தன. ஆனால் அவரோடு சிட்னி ஆடிய 2014, 2016, 2022 இறுதிப் பந்தயங்கள் மூன்றும் தோல்வி. அவரை இழந்த ஹாதார்னோ அடுத்த இரண்டு பட்டங்களையும் வென்றது.

தர்க்கத்தை மட்டும் பின்பற்றினால் டிராஃப்டில் விலக்கு எதுவும் இருக்கலாகாது. ஆனால் பாசத்துக்கும் அவ்விளையாட்டு ஓர் இடம் வைத்திருக்கிறது. மெல்போர்ன் கழகத்தின் ரான் பராசி இரண்டாவது உலக யுத்தத்தில் 1941-இல் டோப்ருக்கில் மாண்டார். அவருடைய மகனும் அதே கழகத்துக்கு ஆடவேண்டும் என்ற விருப்பத்தை ஒட்டி வந்ததே தந்தை-மகன் விதி. பிற்காலத்தில் அந்த மகன் விளையாட்டின் மாபெரும் பெயர்களில் ஒன்றானார். இன்றைய விதிப்படி, ஒரு கழகத்துக்கு 100 ஆட்டங்களாவது ஆடியவரின் மகனை அக்கழகம் முன்னுரிமையோடு பெறலாம். முன்பு இது கிட்டத்தட்ட இனாமாகவே கிடைத்தது: கேரி ஆப்லெட்டின் மகன் 2001-இல் ஜீலாங்குக்கு 40-ஆம் தேர்வில் வந்து, பின்னாளில் இரண்டு பிரௌன்லோ பதக்கங்கள் பெற்றார். இப்போதோ வேறொரு கழகம் அந்தப் பையனை எந்த இடத்தில் கேட்கிறதோ, அந்த இடத்துக்குரிய மதிப்பெண்களைத் தந்தையின் கழகம் தன் பின்வரிசைத் தேர்வுகளிலிருந்து திரட்டி, ஒரு சிறு தள்ளுபடியோடு செலுத்தவேண்டும். 2015-இல் இம்முறை வந்தபோது 1-ஆம் தேர்வுக்கு 3,000 மதிப்பெண் என்று கணக்கிட்டார்கள். காலிங்வுட் 2021-இல் நிக் டேகோஸை இப்படித்தான் 4-ஆம் தேர்வில் பெற்றது. பிரிஸ்பேன் 2022-இல் வில் ஆஷ்கிராஃப்டை 2-ஆம் தேர்வில் பெற்றது. ஆஷ்கிராஃப்ட் 2024, 2025 ஆகிய இரண்டு இறுதிப் பந்தயங்களிலும் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கினார். இரண்டு பட்டங்களும் பிரிஸ்பேனுக்கே போயின. பட்டம் வெல்கிற கழகத்துக்கு உயர்ந்த இளைஞர்களும் இவ்வழியே போய்ச் சேர்வது நியாயமா என்று மற்றக் கழகங்கள் முணுமுணுப்பதில் ஆச்சரியமில்லை.

எத்தனை கணக்குப் போட்டாலும் 18 வயதில் ஒருவனை முழுக்க அளந்துவிட முடிகிறதில்லை. 1987-இன் 1-ஆம் தேர்வாக ரிச்மண்டுக்கு வந்தவர் நான்கே ஆட்டங்கள் ஆடினார். 1990-இல் 79-ஆம் தேர்வில் எசண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஹர்டு பிரௌன்லோ பதக்கமும், 2000-இல் தலைவராகப் பட்டமும் பெற்றார். இளமையில் சிறைவாசமும் கண்டு, பெர்த்தின் சவுத் ஃப்ரீமாண்டில் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த மார்லியன் பிக்கெட், 2019-இல் பருவத்தின் நடுவே நடந்த சிறு டிராஃப்டில், 27 வயதில், ரிச்மண்டால் எடுக்கப்பட்டார். அவர் லீக்கில் ஆடிய முதல் ஆட்டமே அவ்வருஷத்து இறுதிப் பந்தயம். அப்படி அரங்கேறியவர் 1952-க்குப் பிறகு வேறொருவரும் இல்லை. ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. எதிரே நின்று தோற்ற அணி, 2011 டிராஃப்டின் முதல் ஐந்து தேர்வுகளும் சலுகையாக அளிக்கப்பட்டு உருவாக்கப்பட்ட கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி.

ஆகவே, ஏற்பாடு நினைத்ததைச் சாதித்ததா? பெருமளவுக்குச் சாதித்தது என்றே நான் கருதுகிறேன். முன்பு சவுத் மெல்போர்னாயிருந்த சிட்னிக்கு 72 வருஷங்களுக்குப் பிறகு 2005-இலும், வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு 62 வருஷங்களுக்குப் பிறகு 2016-இலும், மெல்போர்னுக்கு 57 வருஷங்களுக்குப் பிறகு 2021-இலும் பட்டம் திரும்பியது. 2016 முதல் 2025 வரையிலான பத்துப் பட்டங்களை ஏழு கழகங்கள் பகிர்ந்துகொண்டன. நான்கு கழகங்களின் ஏகபோகமாயிருந்த பழைய நாட்களோடு ஒப்பிட்டால் இது சிறிய மாறுதலல்ல. அந்த மாறுதலுக்கான விலையைப் பெரும்பாலும் செலுத்துகிறவர்கள், வீட்டை விட்டு முன்பின் அறியாத நகரத்துக்குப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளைகளே. 2021-இன் 1-ஆம் தேர்வான ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் ஒரே பருவத்தில் நார்த் மெல்போர்னை விட்டுத் தம் மாநிலத்திலுள்ள போர்ட் அடிலெய்டுக்குத் திரும்பினார் என்றால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சந்தர்ப்பத்தைத்தான் விதியால் பங்கிட முடியும். விவேகத்தைப் பங்கிட முடியாது. கார்ல்டனுக்கு 2005, 2006, 2007 என்று மூன்று வருஷங்கள் தொடர்ந்து 1-ஆம் தேர்வு கிடைத்தது. அவற்றோடு ஜட்டும் வந்தார். இருந்தும் அதன் கடைசிப் பட்டம் 1995-இல் வென்றதாகவே நிற்கிறது. ஜீலாங் கழகமோ வரிசையின் முன்னிடங்கள் அபூர்வமாகவே வாய்க்கும் நிலையில், 2007, 2009, 2011, 2022 ஆகிய நான்கு பருவங்களில் வென்றிருக்கிறது. 2028-இல் டாஸ்மேனியா 19-ஆவது கழகமாக லீக்கில் சேரவிருக்கிறது. புதிய கழகங்களுக்குச் செய்வதுபோல் அதற்கும் டிராஃப்டில் சலுகைகள் தருவார்கள். அது செழிக்குமா என்பதை அந்தச் சலுகைகளைக் காட்டிலும், அவற்றைக் கையாளப்போகிறவர்களின் பொறுமையும் கண்ணோட்டமுமே தீர்மானிக்கும்.